கௌதம்ராஜின் இடுப்பில் ஒல்லாந்துக் காசு

காசை விரல்நுனியில் நிறுத்தி, நகத்தால் ஒரு சுண்டு சுண்டிக் காதோரம் கொண்டுபோகிறார் காளிராஜ். அந்த ஓசைக்காக, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரைக்கூட நிறுத்திவிடுவார். ராஜபாளையத்தில் அவர் வைத்திருப்பது மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை. வந்தவர்கள் வாயைத் திறந்தால், “செத்த பொறுங்க, ராசா பேசுதாரு” என்பார்.

பேசுகிறவர் காசில் இருக்கும் பிரெஞ்சு ராஜா. பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய வெள்ளிக்காசுகளை மட்டுமே காளிராஜ் சேர்க்கிறார். பதினாறு பிள்ளை பெற்ற ஆஸ்திரிய ராணி அவருக்கு ‘ஆச்சி’. மூக்கு நீண்ட ஸ்பெயின் ராஜா ‘சித்தப்பா’. “செத்த ராசாக்க மூஞ்சியெல்லாம் மனப்பாடம். எங்கப்பாவ பஸ்டாண்டுல பாத்துட்டு, யாருன்னு எங்கிட்டயே கேக்காரு” என்பாள் மனைவி வெங்கடேஸ்வரி.

காசுகளை அவர் கழுவுவதில்லை, துடைப்பதில்லை. தேய்த்தால் எழுத்துப் போய்விடும்.

அப்படிப்பட்டவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு வீட்டுக்குக் கிரைண்டர் மோட்டார் மாட்டப் போனார். அந்த வீட்டு மாரீஸ்வரியின் பத்து மாதப் பிள்ளை கௌதம்ராஜ் எதிரே தவழ்ந்து வந்தான். உடம்பில் அரைஞாண் மட்டும். அதில் ஓர் ஒல்லாந்துக் காசு, டச்சுக்காரர்களின் வெள்ளி; 1786. எங்கெங்கோ தேடியும் அவருக்குக் கிடைக்காதது. ஸ்க்ரூடிரைவரைப் போட்டுவிட்டு, தானும் தவழ்ந்தார்.

“விலைக்கெல்லாம் தரமாட்டேன் அண்ணாச்சி. இவுக அப்பா, தாத்தா இடுப்புலயெல்லாம் கெடந்தது” என்றாள் மாரீஸ்வரி. அதைத் தாங்கிக்கொண்டார். அடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை: “வெள்ளிக்கெழமதோறும் விபூதி போட்டுத் தேச்சு, எம்புட்டுப் பளபளப்பா வச்சிருக்கேன் பாருங்க.” கடைசி எண்ணான ஆறு ஏற்கெனவே பாதி தேய்ந்திருந்தது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் பட்டறைக்குப் பூட்டு. பஸ் ஏறி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மாரீஸ்வரி மில் வேலைக்குக் கிளம்பும்வரை தெருத்தெருவாகச் சுற்றினார். கேட்டால், “பிள்ளைக்கு வேடிக்கை காட்டுதேன் தாயி.”

போன வெள்ளிக்கிழமை மாரீஸ்வரி வாசலிலேயே மறித்தாள். விரலில் ஒரு கிள்ளு விபூதி.

“பிள்ளையக் குடுங்க. காசு கறுத்துக் கெடந்தா பாக்கிறவுக என்ன சொல்லுவாக?”

“காசு இவனுக்கே இருக்கட்டும் தாயி, எனக்கு வேண்டாம். அந்த ஆறு போச்சுன்னா எப்பப் பெறந்ததுன்னு யாருக்கும் தெரியாமப் போயிரும். தேய்க்க மட்டும் செய்யாத.”

உள்ளங்கையால் காசைப் பொத்திக்கொண்டார். கௌதம்ராஜ் அந்தக் கையின் மேலேயே ஒன்றுக்கு இருந்தான். காளிராஜ் கையை எடுக்கவில்லை.

மாரீஸ்வரி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எட்டி, விரலில் இருந்த விபூதியை அவர் நெற்றியில் பளபளவென்று தேய்த்துவிட்டாள்.