மூன்றாவது விசிறி

யாராவது பேய்க்கதை சொல்ல ஆரம்பித்தால், "அது எத்தனை வோல்ட்டில் ஓடும்?" என்று கேட்டு அவர் வாயை அடைப்பதுதான் ஒரு காலத்தில் என் பொழுதுபோக்கு. மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து இந்த ஊர்ப் பாயில்தான் படுக்கிறேன், சோம்பலைத் தவிர வேறு எதுவும் என்னை ஒட்டவைத்ததில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு இவன் அன்றைக்குச் சாராயம் போட்டிருப்பான் என்று நீங்கள் நினைப்பீர்கள் என்பதுதான். நான் குடித்தது தேநீர், அதுவும் சீனி இல்லாமல்.

சுனாமிக்கு அடுத்த வருசம். டவுனில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தேன். ஒருநாள் ஸ்டெல்லா அன்ரி ஓட்டோவில் வந்து இறங்கினார். பறங்கிக் குடும்பம், வீடு கடற்கரையோரம். கேக் வெட்டிக் கொண்டாடிய நத்தாருக்கு அடுத்த நாள் வந்த அலை அவருடைய கணவர் பெர்ட்டி அங்கிளைக் கொண்டுபோயிருந்தது. அன்ரியின் கைகளில் படுக்கைவிரிப்பால் சுற்றிய கொம்பியூட்டர், கைக்குழந்தை மாதிரி.

"அல்பம் எல்லாம் கடலோட போயிட்டு மகன். அவர்ர படம் இதுக்குள்ள மட்டுந்தான் இருக்கு" என்றார்.

"உப்புத்தண்ணி குடிச்ச சாமான் அன்ரி. சொல்லேலாது."

"எனக்கு அவர்ர முகம் மறந்து போகுது மகன். மீசை ஞாபகம் இருக்கு. மூக்கு வருகுதில்ல."

பெட்டியை வாங்கி மேசையில் வைத்தேன்.

மதர்போர்டைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கூரைத் தகரத்தில் கருவாடு மாதிரிக் காயப்போட்டேன். நம்பினால் நம்புங்கள், அது உயிர் பிடித்தது. ஹார்ட் டிஸ்கை என்னுடைய மெஷினில் மாட்டிப் பார்த்தேன், மாமியார் வீட்டில் சாப்பிட மறுக்கும் புது மாப்பிள்ளை மாதிரி முறைத்துக்கொண்டு கிடந்தது. அதன் சொந்தப் போர்டில் மாட்டினால் மட்டும் முனகிக்கொண்டு சுற்றியது. ஆனால் பிராசசருக்கு மேலே இருக்கும் விசிறி உப்பில் இறுகிச் செத்துவிட்டது. விசிறி இல்லாமல் ஓடினால் சூடேறித் தானாக அணைந்துவிடும். புதுசு வாங்கலாம் என்றால் கொழும்புப் பாதையில் சாமான் வருவதும் ஒன்றுதான், வராததும் ஒன்றுதான், அப்படிப்பட்ட காலம்.

பெட்டியைத் திறந்து வைத்து மேசை விசிறியை உள்ளே திருப்பிவிட்டேன். சூட்டைக் கண்காணிக்க ஒரு டிரைவரையும் ஏற்றினேன். டிரைவர் என்றதும் பஸ் ஓட்டுகிறவரை நினைக்காதீர்கள். போர்டில் சூட்டையும் விசிறி வேகத்தையும் அளக்கிற சின்னச் சிப் ஒன்று இருக்கும், அது சொல்வதைக் கொம்பியூட்டருக்கு மொழிபெயர்க்கிற மென்பொருள்தான் இந்த டிரைவர். நல்ல பிள்ளைதான், ஆனால் எந்த இடத்தில் எதை மாட்டியிருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. ஒன்றும் மாட்டாத இடத்துக்கும் ஒரு வரி காட்டும். ஒருதரம் சித்திரை வெயிலில், பெட்டிக்குள் பனி உறைகிறது என்று எனக்குச் சொன்ன டிரைவர் அது. அன்றைக்கு மூன்று விசிறிக்கு வரி காட்டியது. முதலாவது செத்துப்போன விசிறி, பூச்சியம். இரண்டாவதும் மூன்றாவதும் விசிறி வயரைச் செருகுகிற இடங்கள், ஒன்றும் மாட்டாத வெறும் ஊசிகள், அவையும் பூச்சியம்.

மத்தியானச் சோறு தின்று கண் சொக்குகிற நேரம். மரியாதையுள்ள ஒரு பேய் வெளிக்கிடுகிற நேரமா அது? அன்ரி பக்கத்தில் இருக்க, படங்களைப் பென் டிரைவுக்குக் கொப்பி பண்ணிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் கரண்ட் போனது.

யூ.பி.எஸ். கொம்பியூட்டரைத் தாங்கிக்கொண்டது. மேசை விசிறி நின்றுவிட்டது. டிரைவர் காட்டிய சூடு ஏறத் தொடங்கியது. அணைத்துவிட்டு ஆறுதலாகப் பார்ப்போம் என்றால், டிஸ்க் முனகிய முனகலைக் கேட்ட எவனும் அதைச் செய்யமாட்டான். அணைத்தால் திரும்ப எழும்பாது. அணைக்காவிட்டால் சூட்டில் தானே அணைந்துவிடும். அன்ரிக்கு அந்த மூக்கு கிடைக்கப்போவதில்லை. நான் ஒரு காட்போர்ட் துண்டைத் தேடி எழும்பப் பார்த்தேன்.

சூடு இறங்கியது.

முதலில் டிரைவர் விசர்க் கதை கதைக்கிறது என்றுதான் நினைத்தேன். எழுபது, அறுபது, ஐம்பது என்று கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி இறங்கியது. கண்ணைக் கசக்கிவிட்டுக் கீழே பார்த்தால் மூன்றாவது விசிறியின் வரியில் பூச்சியம் இல்லை. அது சுற்றுகிறதாம். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன், அந்த இடத்தில் மொட்டை ஊசி மூன்றும் நிற்கிறது, ஒரு வயர்கூட இல்லை. சரி, டிரைவர் பொய் சொல்கிறது, என் விரல் பொய் சொல்லாது என்று பிராசசருக்கு மேலே இருந்த அலுமினியத்தில் விரலை வைத்தேன். சுடவில்லை. அதிகாலை மணல் மாதிரிக் குளிர்ந்திருந்தது. போதாததற்குப் புறங்கையில் காற்றுப் பட்டது.

என் வீரத்தை இனித்தான் நீங்கள் பார்க்க வேண்டும். எழும்பி ஓடினேன். பிளாஸ்டிக் கதிரையின் இரண்டு கையும் என் இடுப்பை விடவில்லை. கதிரையோடு வாசல்வரை ஓடினேன், கதவில் கதிரை மாட்டிக்கொண்டது, அங்கேயே தொங்கினேன். பாயோடு ஒட்டவைப்பார்கள் என்றவர்கள் கதிரையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பக்கத்துக் கடைத் தையல்காரன் தங்கராசா ஓடி வந்தான். "என்ன கா, கரண்ட் அடிச்சதா?"

"ஓம், சரியான அடி."

"இந்த றோட்டிலயே கரண்ட் இல்ல கா."

"இது நேத்தையான் கரண்ட்" என்றேன். அவன் என்னைக் கதிரையிலிருந்து பிடுங்கி எடுத்துவிட்டு, சிரித்துச் சிரித்துத் தையல் மெசினுக்குத் திரும்பிப் போனான்.

அன்ரி அசையவே இல்லை. கொப்பி முடிந்திருந்தது. பூனை மாதிரி ஒதுங்கி ஒதுங்கி வந்து ஒரு படத்தைத் திறந்தேன். பெர்ட்டி அங்கிள், தலையில் சிவப்புக் கடதாசித் தொப்பி, கையில் கேக் துண்டு, மீசையில் ஐசிங். அன்ரி திரையில் விரலை வைத்து அந்த மூக்கை மேலிருந்து கீழாகத் தடவினார். அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

பிறகு திறந்திருந்த பெட்டியின் பக்கம் குனிந்து, வீட்டு மனுசனோடு கதைக்கிற குரலில், "காணும் பெர்ட்டி, கை நோகும்" என்றார்.

மூன்றாவது வரி பூச்சியத்துக்கு வந்தது. சூடு மளமளவென்று ஏறி, கொம்பியூட்டர் அணைந்தது.

"கரண்ட் போனா எனக்கு நித்திரை வரும் வரைக்கும் விசிறுவார் மகன். கையை எடுக்கமாட்டார். நான்தான் நிப்பாட்டச் சொல்லோணும்." பென் டிரைவைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு, "மறுகா வாறன்" என்று போய்விட்டார்.

நான் யோசிக்காத விளக்கம் இல்லை. உப்பு ஊசிகளைத் தொடுத்திருக்கலாம், டிரைவர் சிப்பைப் பிழையாக வாசித்திருக்கலாம். டிரைவர் பொய் சொல்லும் என்று இப்போதும் உங்களுக்கு நிரூபித்துக் காட்டுவேன். என் விரலைப் பொய்யாக்கத்தான் வழி தெரியவில்லை.

நாட்டில் சண்டை முடிந்து பாதை திறந்து புதுச் சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்தபோது, அன்ரி விட்டுப்போன அந்தப் போர்டுக்குப் புது விசிறியும் புதுப் பவர் சப்ளையும் கொடுத்துப் பார்த்தேன். எழும்பவே இல்லை. எறிய மனமில்லாமல் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். வாவிக் காற்றில் இப்போது அந்த ஆணிக்கே கறள், போர்டு முழுக்கப் பச்சைக் களிம்பு. மூன்றாவது விசிறியின் மூன்று ஊசி மட்டும், யாரோ தினமும் பிளக்கைச் செருகிச் செருகிக் கழற்றுகிற மாதிரிப் பளபளவென்று இருக்கிறது.

தங்கராசாவிடம் காட்டினேன். "நீதான் கா துடைக்கிறாய்" என்றான்.

கடை கூட்டும்போதுகூட நான் அந்தச் சுவர்ப்பக்கம் போவதில்லை.