சாமி அறைச் சுவரில் ஏறிய உண்ணிகள்

1. சரோஜா வைத்த கெடு

எங்கள் தீவில் லம்பாசா பக்கம் நாய் உண்ணி ஒழிக்க ஆள் வேண்டுமென்றால் என் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கரும்புக் காட்டில் முதுகில் பம்பு சுமந்து களைக்கொல்லி அடித்த கைப்பழக்கத்தை வைத்து இந்தத் தொழிலை நானாகவே உண்டாக்கிக்கொண்டேன். இப்போது ஸ்ப்ரே வேலைக்கு வரும் பிள்ளைகள் மருந்து டப்பாவில் எழுதியிருப்பதை நன்றாகப் படிக்கிறார்கள். படிக்க வேண்டியதுதான். ஆனால் அதோடு வேலை முடியாது. பக்கத்து ஊர் புலிலேகாவில் நடந்த இதைக் கேளுங்கள்.

இரண்டாயிரத்தில் ஆட்சியைக் கவிழ்த்தார்களே, நாங்கள் ‘கூ’ என்று சொல்வோம், அதற்குப் பிந்திய சமயம். கையில் கொஞ்சம் வசதி இருந்தவர்கள் கனடா, நியூசிலாந்து என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டைப் பூட்டினார்கள். நாயை எங்கே பூட்டுவது? அது பூட்டின வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கும். எனக்கு வேலை பெருகியது அப்போதுதான்.

புலிலேகாவில் வாத்தியாராக இருந்த கோபால் மாஸ்டரும் அப்படித்தான் மகனோடு கனடா போனார். அவர் வீடு கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்தது. பிறகு மணி என்ற பையனையும் அவன் மனைவி சரோஜாவையும் வாடகை இல்லாமல் குடிவைத்தார். அவர்கள் ட்ரெகேட்டியில் நெல் போட்டவர்கள். நிலத்தின் குத்தகை முடிந்து, மறுபடி கிடைக்காமல் வெளியே வந்தவர்கள். மணிக்குக் கரும்பு லாரி ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. தலைக்கு மேலே கூரையும் கிடைத்தது. கூடவே உண்ணியும் கிடைத்தது.

நான் போனபோது சரோஜா இடுப்பில் குழந்தையோடு வாசலில் நின்றிருந்தாள்.

“காத்தால பாப்பா காதுக்குப் பின்னால ரெண்டு உண்ணி எடுத்தேன் மாமா. நீங்க மருந்து அடிச்சும் போவலன்னா நான் கடல் தாண்டி நவுசோரிக்கு எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன். இவரு இங்க லாரி ஓட்டிக்கினு இருக்கட்டும்.”

மணி சிரிக்கப் பார்த்தான். “அதுங்களுக்கும் கனடா விசா வாங்கிக் குடுத்துடலாமா மாமா?”

சரோஜா சிரிக்கவில்லை. வீடு போய்விடுமோ என்ற பயம் இருவருக்கும் இருந்தது.

2. என் மருந்துக்கு அடங்காத வீடு

வேலையில் நான் குறை வைக்கவில்லை. வீட்டைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டினேன். சுவரோடு சாய்த்திருந்த விறகையும் பழைய டயர்களையும் தூரத்துக்குத் தள்ளினேன். மாஸ்டர் விட்டுப்போன நாய் டைகரை மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டினேன். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, தூண்மேல் நிற்கும் அந்தப் பலகை வீட்டுக்கு அடியிலும் சுவர் இடுக்குகளிலும் பம்பு அடித்தேன். மருந்து காய்ந்த பிறகுதான் உள்ளே விட்டேன்.

சாமி அறைக்குள் மட்டும் போகவில்லை. அங்கே மருந்து போகக் கூடாது என்று சரோஜா சொன்னாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தினமும் துடைத்து விளக்கேற்றும் இடத்தில் உண்ணிக்கு என்ன வேலை?

சில நாளில் மறுபடி சுவரில் உண்ணி. திரும்ப வந்து அடித்தேன். மறுபடியும் வந்தது. சரோஜா பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்றைக்கு நான் வராந்தாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். சரோஜா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். டைகர் மெதுவாக எழுந்து, மூக்கால் சாமி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மாஸ்டர் காலையில் பூஜைக்கு உட்கார்ந்த பலகைக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தது. வீடு பூட்டிக் கிடந்த காலமெல்லாம் பின்பக்கத்து ஓட்டை வழியாக வந்து அங்கேதான் படுத்திருக்கிறது என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாய் படுக்கிற இடத்தில்தான் வயிறு நிறைந்த உண்ணி கழன்று விழும். விழுந்தது சுவரில் ஏறி, இடுக்கில் முட்டை வைக்கும்.

முருகன் படத்தை ஒரு விரல் அகலம் நகர்த்திப் பார்த்தேன். பின்னால் மிளகு கொட்டினது போல இருந்தது.

3. கனடாவுக்குப் போட்ட போன்

எங்கள் ஊரில் வெளிநாடு போகிறவர்கள் சாமி படங்களை மொத்தமாக இறக்குவதில்லை. சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைச் சுவரிலேயே விடுவார்கள். எல்லாவற்றையும் இறக்கினால் இனி திரும்ப மாட்டோம் என்று சொன்னதாகிவிடும். குடிவந்தவர்களும் அதைத் தொட மாட்டார்கள். படங்களை இறக்கினால்தான் உண்ணி போகும் என்று சரோஜாவிடம் சொன்னேன்.

“இறக்க நான் யாரு மாமா?” என்றாள் சரோஜா. “மாஸ்டர் மாட்டினது.”

பக்கத்து வீட்டு போனில் கனடாவைப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். “டைகர் அங்கயா படுத்துக்குது?” என்று கேட்டார் மாஸ்டர்.

“ஆமா மாஸ்டர்.”

“படத்த எறக்கிடு. நாங்க இனிமே வரப்போறதில்ல. அந்தப் பொண்ணு அவ இஷ்டத்துக்கு மாட்டிக்கட்டும். அது அவ வூடு.”

இதைச் சரோஜாவிடம் சொன்னேன். அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, ஒவ்வொரு படமாக இறக்கி என் கையில் கொடுத்தாள். அந்த அறையில் நான் மருந்து அடிக்கவில்லை. படச் சட்டங்களை வெளியே கொண்டுபோய்ப் பின்பக்கத்தைப் பிரித்துச் சுரண்டினேன். சுவர் இடுக்குகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினேன், காய்ந்ததும் புட்டிப் பசை பூசி அடைத்தேன். மணி வராந்தாவில் டைகருக்கு ஒரு மரக்கட்டில் அடித்து, மாஸ்டரின் பழைய சட்டையை அதில் விரித்தான். சட்டையை வாராவாரம் வெந்நீரில் போடச் சொன்னேன். முட்டை பொரித்து வருவதற்குத் தோதாக நாலைந்து தடவை வந்து மற்ற அறைகளில் அடித்தேன், நாயையும் விடாமல் குளிப்பாட்டினேன். ஒவ்வொரு தடவையும் குறைந்தது. கடைசியில் சுவர் சுவராக இருந்தது.

சரோஜா படங்களைத் தன் விருப்பப்படி மாட்டினாள். நடுவில் ட்ரெகேட்டியிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்த அம்மன். அதுவரை அந்தப் படம் பெட்டியிலேயே இருந்திருக்கிறது. அழைத்துப்போக வந்த நவுசோரி அண்ணன் கோழிக்கறி சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினார்.

பம்பு பிடிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எந்த வீட்டுக்குப் போனாலும் நாய் எங்கே படுக்கிறது என்று முதலில் பாருங்கள். அங்கே ஒன்றும் இருக்காது என்று வீட்டுக்காரர் எந்த இடத்தைச் சொல்கிறாரோ அந்த இடத்தையும் பாருங்கள். அது சாமி அறையானால் செருப்பை மட்டும் வெளியே விட்டுவிட்டுப் போங்கள்.