இதலீனா சுமந்த ரொட்டிக் கோபுரம்

தொமார் ஊரில் நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் திருவிழாவில் தலையில் ரொட்டிக் கோபுரம் சுமக்க வேண்டும் என்பது இதலீனாவின் நெடுநாள் ஆசை. ஒருமுறை வயிற்றில் பிள்ளை. மறுமுறை அப்பாவுக்குப் பக்கவாதம். ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகள் துவைக்கிற அவளுக்கு நாற்பதைத் தாண்டித்தான் அது வாய்த்தது. கூடையில் நட்ட குச்சிகளில் கோத்த ரொட்டிகள், இடையிடையே காகிதப் பூக்கள், உச்சியில் வெள்ளைப் புறா. அவள் உயரமே இருக்கும். தூக்கிவிடவும் இறக்கவும் ஓர் ஆண் கூடவே நடப்பான்.

கணவன் எர்மீனியுதான் நடந்திருக்க வேண்டும். முந்தின வாரம் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். அவன் இடத்துக்கு வந்தது அவள் அண்ணன் கசிமீரு. மூன்று வருஷமாக அவனோடு பேச்சில்லை. இவளைக் கேட்காமலே அப்பாவை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டவன் அவன். அப்பா அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

"வேற ஆளே கிடைக்கலையா?" என்று புருஷனிடம் சீறினாள்.

"அவராத்தான் வந்து கேட்டாரு. உன் கோபத்துக்கும் அந்தக் கோபுரத்துக்கும் சேர்த்துத் தாங்குற ஆளு வேற யாரு இருக்கா, சொல்லு."

சதுக்கத்தில் பாதிரியார் ஆசீர்வதித்து முடித்தார். கோயில் மணி மூன்றாம் முறை அடித்ததும் எல்லாக் கோபுரங்களும் ஒரே வீச்சில் எழுந்தன. அண்ணன் தூக்கிவிட்ட கூடை இதலீனாவின் சும்மாட்டில் வந்து உட்கார்ந்தது.

ஜூலை வெயில். ஜன்னல்களிலிருந்து பூ கொட்டியது. குறுகலான தெருமுனையில் ஒரு சுற்றுலாப் பயணி கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அடியில் நுழைந்து, அவளுக்கு முதுகைக் காட்டியபடி போனை உயர்த்தினான். அவள் சட்டென்று நின்றாள். கோபுரம் நிற்கவில்லை. வலப்பக்கம் சாய்ந்தது. கூட்டம் அலறியது.

"கழுத்தைத் திருப்பாதே!" கசிமீரு தோளால் முட்டுக் கொடுத்து நின்றான். "அப்படியே நில்லு. மூச்சு விடு."

"விட்டுடாதே!"

"விடமாட்டேன்."

கோபுரம் மெல்ல நிமிர்ந்தது. யாரோ அந்தப் பயணியைப் பின்னால் இழுத்தார்கள். நடக்கத் தொடங்கியபோது அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு வாங்குவது அவளுக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்க வழியில்லை.

"முதுகா?"

"ம்."

"எப்போலேருந்து?"

"அப்பாவைத் தூக்கித் தூக்கி வந்தது. ஒருநாள் குளியலறையில அவரைக் கீழே போட்டுட்டேன், இதா. நெத்தியில ரத்தம். அன்னைக்கே கொண்டுபோய் விட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அப்பாவைக் கீழே போட்டேன்னு உன்கிட்ட எந்த வாயால சொல்றது?"

அவளுடைய இரண்டு கைகளும் கூடையைப் பிடித்திருந்தன. ஒன்றை எடுக்கவும் பயம். கண்ணீரைத் துடைக்காமலே பாலம் வரை நடந்தாள்.

ஊர்வலம் முடிந்து கோபுரத்தை இறக்கியதும் கசிமீருவால் நிமிர முடியவில்லை. நடைபாதையிலேயே மல்லாந்து படுத்துவிட்டான். இதலீனா இடுப்பிலிருந்த சிவப்புக் கச்சையை அவிழ்த்துச் சுருட்டி அவன் தலைக்கடியில் வைத்தாள்.

"ராத்திரி சாப்பிட வீட்டுக்கு வா. கோபம் இன்னும் தீரல, சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றான் கசிமீரு, கண்ணை மூடியபடியே. "முதல்ல என்னை யாராச்சும் தூக்கிவிடுங்க."