அண்ணியும் கழிவறைச் சாவியும்

மின்விசிறிக்கு நேரே நாற்காலியைப் போட்டு, மேலாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உள்ளங்கையால் வயிற்றை அழுத்தியபடி உட்கார்ந்திருக்கிறார் அண்ணி. அடுப்பில் பால் பொங்குகிறது. "பொங்குனா பொங்கட்டும். நீ போய் இறக்கு. இப்ப நான் கையை எடுத்தேன்னா மத்தியானம் எல்லார் முன்னாடியும் மானம் போயிரும்."

என் அண்ணன் மனைவி. துணி தைக்கும் பட்டறையில் நான் பொத்தான் தைக்கிறேன், அவர் இஸ்திரி போடுகிறார். குடலில் வந்த கட்டியை அறுத்தெடுத்த பிறகு, மலம் வெளியேற வயிற்றின் பக்கவாட்டில் மருத்துவர்கள் ஒரு வழி வைத்தார்கள். அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் பையைத்தான் இப்போது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருக்கிறார். மற்ற மாதங்களில் சாதுவாக இருக்கும். வெயில் ஏறினால் வியர்வை பசைக்கு அடியில் புகுந்து ஓரத்தைக் கிளப்பிவிடும். ஆவிக்கு நடுவே நாள் முழுக்க நிற்பவருக்குக் கேட்கவே வேண்டாம்.

அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம். அதில் முதல் பங்கு அவருக்கேதான். போன கோடையில், வியர்வைக்கு நல்லது என்று முகப்பவுடரைக் கொட்டி அதன்மேல் பையை ஒட்டினார். பசை பவுடரைப் பிடித்துக்கொண்டு தோலைக் கைவிட்டது. மாற்றுப் பைகளை, இஸ்திரிக்கு ஆவி தரும் பாய்லருக்குப் பக்கத்து அலமாரியில் வைத்து, பசை இளகி எல்லாம் வீணாயின. "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று இன்றும் சொல்கிறார். இப்போது தோலைத் துடைத்து, காற்றில் நன்றாகக் காயவிட்டு, ஒட்டிய பிறகு கைச்சூட்டில் பிடித்துக்கொள்கிறார். பை தோலில் படாதபடி பூப்போட்ட பருத்தித் துணியில் ஓர் உறை தைத்திருக்கிறார். "அதுக்கும் ஒரு சட்டை வேணாமா?" கனம் சேர்ந்தால் பசையை இழுக்கும் என்பதால், பாதி நிறையும் முன்பே காலி செய்துவிடுவார்.

அங்கேதான் வந்தது வினை. பட்டறைக்குப் புதிதாக வந்த சூப்பர்வைசர், பெண்கள் கழிவறையில் அரட்டை அடிக்கிறார்கள் என்று கதவைப் பூட்டி, சாவியைத் தன் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். இனிச் சாப்பாட்டு வேளையில்தான் கிடைக்குமாம். அண்ணி போய் நின்றார்.

"சார், சாவி."

"இப்பதானேம்மா வேலை ஆரம்பிச்சுது. கொஞ்சம் அடக்கிக்கக் கூடாதா?"

"அடக்குறதுக்கு எனக்கு வழியில்ல சார். அது குடல். அதுக்கு மணி பாக்கத் தெரியாது."

"அப்ப வீட்டுலயே இருக்க வேண்டியதுதானே."

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணன் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் வீட்டில் அண்ணியின் கூலியில்தான் அடுப்பு எரிகிறது. அந்த மனிதருக்கும் அது தெரியும். மதியத்துக்குள் ஓரம் கிளம்பி ஈரம் ஆடையில் இறங்கிவிட்டது. மாற்றுப் பை கையில் இருந்தும் மாற்ற இடமில்லை. முன்வரிசையில் தைக்கும் நிறைமாதக்காரி மூக்கை மூடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது இன்னும் மோசம். அண்ணி கையிலிருந்த சட்டையின் காலரைத் தேய்த்து முடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். நானும் கூடவே போனேன். வழி நெடுக யாரையும் திட்டாத அண்ணியை அன்றுதான் பார்த்தேன், பயமாக இருந்தது.

மறுநாள் காலை உள்ளே நுழைந்ததும் நேராகப் போய் டிராயரைத் திறந்து சாவியை எடுத்தார்.

"யாரைக் கேட்டு எடுக்குறீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"என் வயித்தைக் கேட்டு."

மெஷின் பழுதுபார்ப்பவரின் பெட்டியிலிருந்து சுத்தியலும் ஓர் ஆணியும் எடுத்துக்கொண்டார். கழிவறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியை அடித்தார். காரை உதிர்ந்தது. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சாவியை மாட்டிவிட்டு விலகினார். பிறகு அந்த நிறைமாதக்காரி மேஜையைப் பிடித்து எழுந்து, சாவியை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே போனாள்.

சூப்பர்வைசர் நாற்காலியை விட்டு எழுந்தார். அண்ணி அதற்குள் தன் இடத்துக்கு வந்து ஒரு சட்டையை விரித்திருந்தார். சுத்தியலைப் பெட்டியில் திருப்பி வைக்கவில்லை. இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, கைக்கு எட்டும்படி வைத்துக்கொண்டார்.