தெருமுனைக் குப்பையில் ஒரு திருநீற்றுப் பொட்டலம்

தெலுங்கு பேசும் ஊரான லாலாகுடாவில் எங்கள் தெருமுனையில் இருந்த குப்பைத்தொட்டியை மாநகராட்சி எடுத்துவிட்டது. காலையில் ஆட்டோ வரும், அதில்தான் கொட்ட வேண்டும். ரோட்டில் போட்டால் அபராதம் என்று போர்டும் வைத்தார்கள். தொட்டி போனதே தவிர குப்பை போகவில்லை. போர்டுக்கு அடியிலேயே பை பையாக விழுந்தது.

யார் போடுகிறார்கள் என்று எனக்கு ஒரே குடைச்சல். முதல் சந்தேகம் மாடியில் குடியிருக்கும் பேச்சிலர் பையன்கள்மேல். ஆட்டோ வரும் நேரத்தில் அவர்கள் எழுந்து நான் பார்த்ததே இல்லை. அப்புறம் இட்லி தள்ளுவண்டிக்காரர். வாக்கிங் போகிறவர்கள் கையில் கவர் இருக்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். "உனக்கு சி.ஐ.டி.யில வேலை குடுத்திருக்கணும்" என்றார் கணவர். அவர் பால் வாங்கக் கொண்டுபோன பையையும் நான் எட்டிப் பார்த்தது அவருக்குத் தெரியாது.

எதிர்வீட்டுக்காரிமேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தெலுங்குக்காரி, என்னைவிடச் சின்னவள், அக்கா அக்கா என்று உருகுவாள். செவ்வாய்க்கிழமை முருகன் கோயிலுக்குப் போனால் அவளுக்கும் திருநீறு கொண்டுவருவேன். நம் வீடுகளில் செய்வதுபோல, தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதில் மடித்துக் கொடுப்பேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். இந்தத் தடவை அவளே கேட்டாள்: மகளுக்கு அமெரிக்க விசா இன்டர்வியூ வருகிறது, உங்கள் முருகனிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்று. வெயிலில் வரிசையில் நின்று, அந்தப் பெண் பேரில் அர்ச்சனை செய்து, கையில் கட்டச் சிவப்புக் கயிறும் வாங்கி, பொட்டலத்துக்குள் வைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை சுகாதார சூப்பர்வைசர் எங்கள் வாசலில் வந்து நின்றார். குப்பைப் பைகளைப் பிரித்து, உள்ளே கிடப்பதை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கிறார்களாம். அவரோடு வந்த துப்புரவுப் பெண் நீட்டியது ஒரு தமிழ்க் காலண்டர் தாள். தெருவில் தமிழ் வீடு எங்களுடையது மட்டும்தான். அபராதம் கட்ட வேண்டும், காலனி வாட்ஸ்அப் குழுவில் போட்டோவும் வரும் என்றார். இத்தனை வருஷம் தலைநிமிர்ந்து நடந்த தெருவில் குப்பை போட்டவள் என்ற பெயரா? எவனோ வேண்டுமென்றே மாட்டிவிட்டிருக்கிறான் என்று மாடிப் பையன்களை முறைத்தேன்.

அக்கம்பக்கம் கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரியும் வந்து என் தோளைத் தொட்டாள். "பர்வாலேது, பரவாயில்லை அக்கா. உங்க பேப்பர்தானே, ஃபைன் கட்டிடுங்க" என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில்.

அப்போதுதான் அந்தத் தாளைச் சரியாகப் பார்த்தேன். நான் மடித்த மடிப்பு கலையவில்லை. வாங்கிப் பிரித்தேன். உள்ளே திருநீறு, அதன்மேல் சிவப்புக் கயிறு. திறந்துகூடப் பார்க்கவில்லை. எத்தனை செவ்வாய்க்கிழமைப் பொட்டலங்கள் இப்படிப் போயினவோ! அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

கயிற்றை எடுத்து நீட்டி, எல்லோருக்கும் புரியட்டும் என்று தெலுங்கிலேயே சொன்னேன்: "இந்தாம்மா, உன் பொண்ணுக்குன்னு நீ கேட்டு வாங்கினது. நாளைக்கு இன்டர்வியூ இல்லையா, கையில கட்டிவிடு."

அவள் கை நீளவில்லை. சூப்பர்வைசர் ரசீதுப் புத்தகத்தோடு அவள் பக்கம் திரும்பினார்.