காட்டுக்குள் போன கார்களை எண்ணியவள்

ஹெல்வி துர்பெய்னென் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. வியாழக்கிழமை பட்டாணி சூப், வெள்ளிக்கிழமை மீன். அவள் கரண்டியைப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தே பிள்ளைகள் வரிசையில் அடங்கி நிற்பார்கள். குளிர்காலத்தில் சனிக்கிழமை வந்தால் அவளுக்கு வேறு வேலை. புருஷன் தைஸ்தோ ஓட்டும் பந்தயக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் வரைபடத்தை விரித்துக்கொண்டு, வரப்போகும் வளைவுகளைக் கத்திச் சொல்வாள். அந்த இருக்கையில் உட்காருகிறவரை எங்கள் பக்கத்தில் வரைபடக்காரர் என்போம். அன்றைக்கு எங்கள் மாவட்டத்தில் பெண் வரைபடக்காரி அவள் ஒருத்திதான்.

தைஸ்தோ பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் லாரியின் டிரைவர். அதிகம் பேசமாட்டான். அவர்கள் இருவரும் எனக்குப் பக்கத்து வீடு. பெட்ரோல் பங்கில் ஆட்கள் அவனைச் சீண்டுவார்கள்.

"ஏண்டா, வீட்லதான் அவ பேச்சக் கேட்டு ஆடுறேன்னா, கார்லயும் அவ சொல்ற பக்கந்தான் திரும்புவியா?"

"திரும்பாம போய்ப் பாத்தேன். மரம் இருந்துச்சு" என்பான் தைஸ்தோ, சிரிக்காமல்.

கொர்பியார்வி ராலி என்ற கார்ப் பந்தயம் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும். மரம் ஏற்றும் காட்டு ரோடுகளில் பனியைத் தள்ளி, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேடு கட்டியிருக்கும். அடியில் ஐஸ். ஆணி டயர் போட்ட கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுக்குள் போகும். புறப்படுகிற இடத்தில் கொடி பிடித்து நிற்பது என் வேலை. எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், நான்தான் கொடியை இறக்கி அவர்களை அனுப்பினேன். ஹெல்வி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஹெல்வி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஒரு இடது வளைவில் கார் வழுக்கி, பனிமேட்டின் மேல் ஏறி, அந்தப் பக்கம் சரிவில் இறங்கியது. இளம் மரங்களை முறித்துக்கொண்டு போய் ஒரு பள்ளத்தில் கூரை வரை புதைந்து நின்றது. முன்பக்கம் நசுங்கி ஹெல்வியின் வலது காலைக் கவ்விக்கொண்டது. அவள் பக்கத்துக் கண்ணாடி உடைந்து பனி உள்ளே விழுந்தது. கதவுகள் திறக்கவில்லை. மேலே ரோட்டில் அடுத்த கார் போகும் சத்தம் கேட்டது. அதற்கடுத்த காரும் போனது. ஒவ்வொன்றும் வாரியிறைத்த பனித்தூள் மேட்டிலிருந்த பிளவை மூடியது.

"என்ஜின் ஓடட்டும். சூடு இல்லன்னா நீ தாங்கமாட்ட" என்றான் தைஸ்தோ. பின்கண்ணாடியை உதைத்து வெளியே போய்விடலாம் என்று பின்பக்கம் ஊர்ந்து போனான். அங்கே தரைத்தகடு கிழிந்திருந்தது. புகைக்குழாய் பனிக்குள் அடைபட்டுக் கிடந்தது. புகை காருக்குள் வருவது அவனுக்குத் தெரியவில்லை. சில தடவை உதைத்தான். அப்புறம் உதைப்பது நின்றது.

"என்னப்பா, முடியலையா?"

"தல வலிக்குது. கொஞ்சம் உக்காந்துட்டு..."

"உக்காராத. தைஸ்தோ, புகை நாத்தம் வருதுப்பா."

ஹெல்வி உடம்பை வளைத்துச் சாவியை எட்டி என்ஜினை அணைத்தாள். அவள் முகத்துக்கு நேரே உடைந்த கண்ணாடி வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. அவனுக்கு அது இல்லை. தூங்கிவிடாதே என்று கத்தினாள். அவள் பேச்சில் அவன் கவனம் நிற்காததைப் பார்த்து, வரைபடத்தை எடுத்து, மிச்சமிருந்த ரோட்டை வாசிக்கத் தொடங்கினாள். "அடுத்தது வலது, மெதுவா. அப்புறம் மேடு. மேடு தாண்டினதும் இடது." முதலில் அவன் "ம்" கொட்டினான். ரோடு முடியும் ஏரிக்கரை வரை அவள் வாசித்து முடித்தபோது பதில் இல்லை. அவள் முதலிலிருந்து மறுபடி வாசித்தாள்.

முடிகிற இடத்தில் இவர்களை யாரும் தேடவில்லை. அன்றைக்குப் பல கார்கள் பாதியில் நின்றிருந்தன. சிலவற்றை டிராக்டர் இழுத்து வந்தது, சிலர் தாங்களாகவே பக்கத்து ரோடு பிடித்து வீட்டுக்குப் போனார்கள். வராத வண்டி விலகிய வண்டி. வழக்கம் அப்படி.

நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை சாயங்காலம், ஊரே நீராவியில் குளிக்கும் நேரம்; எல்லா வீட்டுச் சவுனாவிலிருந்தும் புகை எழுந்துகொண்டிருந்தது. துர்பெய்னென் வீட்டில் புகை இல்லை. ஜன்னலில் வெளிச்சமும் இல்லை. திரும்பிச் சமுதாயக் கூடத்துக்குப் போனேன். பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிளப் தலைவர் அர்மாஸ் காபியும் கையுமாக நின்றார்.

"தைஸ்தோ எங்க?"

"வண்டி நின்னிருக்கும். வீட்டுக்குப் போயிருப்பான்."

"நான் அங்கேருந்துதான் வரேன். வீடு இருட்டாக் கெடக்கு. சவுனா மூட்டல."

அர்மாஸ் கோப்பையைக் கீழே வைத்தார்.

பரிசு வாங்க வந்தவர்கள் எல்லோரும் மண்வெட்டியோடு கிளம்பினார்கள். ரோடு நெடுகப் பனிமேட்டில் விளக்கடித்துக்கொண்டு நடந்தோம். தலை முறிந்த ஒரு மரத்தின் வெள்ளைச் சதை வெளிச்சத்தில் தெரிந்தது. அங்கேதான் தோண்டினோம். ஹெல்வியின் குரல் எங்களுக்கு முதலில் கேட்டது. கரகரத்துப்போய், ஏதோ வளைவைச் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் உடைந்த கண்ணாடி வழியாகக் கையை நீட்டி அவள் தோளைப் பிடித்தேன். அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"என்ஜின நாந்தான் அணைச்சேன். லேட்டா அணைச்சுட்டேன்" என்றாள்.

அவள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். குழி வெட்ட முடியாதபடி மண் இறுகிக் கிடந்ததால், கல்லறைத் தோட்டத்தில் நெருப்பு வைத்து நிலத்தை இளக்கித்தான் தைஸ்தோவைப் புதைக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் அவளைக் கூட்டி வந்தோம். அர்மாஸ் கிளப் சார்பில் மலர்வளையம் வைத்தார். அவள் பக்கத்தில் வந்து குனிந்து, "பனி யாரையும் கேட்டுட்டுப் பெய்யறதில்லம்மா" என்றார்.

"பனி கேக்க வேண்டாம் அர்மாஸ். நீங்க வண்டிகள எண்ணியிருக்கணும்."

அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

இனி அவள் ராலி என்ற பேச்சைக் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தோம். ஆனால் அடுத்த ராலிக்கு முன் கிளப் கூட்டத்துக்குச் செயற்கைக் காலோடு நொண்டி நொண்டி வந்தாள். காட்டுக்குள் போகிற ஒவ்வொரு காரும் வெளியே வருகிறதா என்று ஒரு ஆள் நின்று எண்ண வேண்டும், ஒன்று குறைந்தாலும் பின்னால் வரும் கார்களை நிறுத்திவிட்டுத் தேட வேண்டும் என்றாள்.

"ஒவ்வொரு வண்டிக்கும் நிறுத்தினா ராலி எப்படிம்மா நடத்துறது?" என்றார் அர்மாஸ்.

"நடத்தாதீங்க."

எண்ணுகிற வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். அவள் வாயை அடைப்பதற்காகத்தான் கொடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கடைசி வளைவுக்கு அப்பால், கம்பளிக்கு மேல் கம்பளி சுற்றிக்கொண்டு, கையில் சிவப்புக் கொடியோடு வருடா வருடம் நின்றாள். குளிரில், கால் வெட்டுப்பட்ட இடம் புண்ணாகும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அடுப்புப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடி கிண்டுவாள்.

சில வருடங்கள் கழித்து ஒரு ராலியில் கௌகோ என்ற மெக்கானிக்கின் கார் வரவில்லை. ஹெல்வி வயர்லெஸ்ஸில் சொல்ல, எல்லாவற்றையும் நிறுத்தினோம். ஊரே காட்டைச் சல்லடை போட்டுத் தேடியது. கௌகோ வண்டி கோளாறாகி, மரம் ஏற்றும் குறுக்கு ரோட்டில் உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சவுனாவில் பீர் குடித்துக்கொண்டிருந்தான். அதற்குள் இருட்டிவிட்டதால் ராலியை ரத்து செய்தார்கள். ஜெயிக்க இருந்தவன் எல்லோர் முன்னாலும் ஹெல்வியைத் திட்டினான்.

"உன் புருஷன் செத்தான்னா ஊர்ல எவனும் வண்டி ஓட்டக் கூடாதா?"

கூட்டுறவுக் கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். யாரோ அவள் அஞ்சல் பெட்டியில் பனியைத் திணித்து வைத்தார்கள்.

கௌகோ மட்டும் ஒரு நாள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் எங்கள் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தேன்.

"ஹெல்விக்கா, தப்பு என்மேலதான். சொல்லிட்டுப் போயிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும். கால்ல பனியத் தட்டிட்டு உள்ள வா. காபி இருக்கு."

அதற்குப் பிறகு அவளுடைய காரின் எண்ணெய் மாற்றுவது, கூரைப் பனி தள்ளுவது எல்லாம் கௌகோதான்.

இரண்டாவது தடவையும் வராமல் போனது கௌகோவின் கார்தான். வானம் நீலமாகக் கறுத்துவரும் நேரம். புறப்படுகிற இடத்தில் அடுத்த கார் உறுமிக்கொண்டு நின்றது. வயர்லெஸ்ஸில் ஹெல்வியின் குரல் வந்தது.

"கௌகோ வரல. நிறுத்துங்க."

நான் கொடியை உயர்த்தியபடியே நின்றேன். பக்கத்தில் அர்மாஸ்.

"கௌகோவா? மறுபடி பீர் குடிக்கப் போயிருப்பான். வண்டிய விடு."

"நிறுத்தச் சொல்றாளே."

"போன தடவ நிறுத்தி நாம பட்டது போதும்." என் கையிலிருந்து கொடியைப் பிடுங்கி அவரே இறக்கினார். கார் சீறிக்கொண்டு போனது.

நான் வயர்லெஸ்ஸை எடுத்து, "ஹெல்வி, ஒரு வண்டிய விட்டுட்டாங்க" என்றேன்.

இரைச்சலுக்கு நடுவே, "சரி. நான் ரோட்டுக்குப் போறேன்" என்றாள்.

அங்கே நின்றவர்கள் பிறகு சொன்னார்கள். தடுத்தவனைக் கொடிக்கம்பால் தள்ளிவிட்டு, ஐஸில் செயற்கைக் காலை ஊன்றி ஊன்றி, கடைசி வளைவைத் தாண்டி நடு ரோட்டில் போய் நின்றாள். வந்த கார் சிவப்புக் கொடியைப் பார்த்துப் பிரேக்கை மிதித்தது. பக்கவாட்டில் சுழன்று, பனிமேட்டில் மோதி, அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றது. ஓட்டியவன் முகம் வெளுத்து இறங்கினான்.

"செத்திருப்பியே! பைத்தியமா உனக்கு?"

"வர்ற வழில எதையாவது பாத்தியா?"

"ஒண்ணும் பாக்கல." அவனுடைய வரைபடக்காரன்தான் தயங்கிச் சொன்னான்: "ஓடைப் பாலத்துகிட்ட மேடு கொஞ்சம் இடிஞ்ச மாதிரி இருந்துச்சுக்கா."

"நீ இறங்கு. டேய், வண்டியத் திருப்பு."

தைஸ்தோ போன பிறகு முதல் தடவையாக ஹெல்வி அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். பாலம் வரைக்கும் அவள் ஒரு வளைவைக்கூடச் சொல்லவில்லையாம். ஒரு கையால் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தாளாம்.

கௌகோவின் கார் ஓடையின் ஐஸை உடைத்துக்கொண்டு தலைகீழாகக் கிடந்தது. ஓட்டுநர் பக்கம் முழுக்கத் தண்ணீர். வரைபடக்காரன் ஏரோ இருக்கை வாரில் தொங்கிக்கொண்டிருந்தான். மூக்கும் வாயும் மட்டும் தண்ணீருக்கு மேலே இருந்தன. உதடு நீலம் பாரித்திருந்தது. ஹெல்வியை ஓட்டி வந்தவன் இறங்கி வாரை அறுத்து அவனை வெளியே இழுத்தான். ஹெல்வி தன் கம்பளிகளையெல்லாம் கழற்றி அவனைச் சுற்றினாள். பிறகு தண்ணீருக்குள் இறங்கி, அந்தப் பக்கக் கதவு வழியாகக் கையை விட்டுக் கௌகோவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"விட்டுடு ஹெல்வி, முடிஞ்சு போச்சு" என்றேன். விடமாட்டேன் என்று தலையசைத்தாள். இரண்டு பேர் சேர்ந்துதான் அவள் விரல்களைப் பிரித்தோம்.

ஏரோ பிழைத்தான். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் அவனும் இல்லை என்றார் டாக்டர். நாங்கள் உடனே நிறுத்தியிருந்தால் கௌகோ இருந்திருப்பானா என்று அர்மாஸ் கேட்டார். டாக்டர் தெரியாது என்றார். அதே வாரம் அர்மாஸ் கிளப்பிலிருந்து விலகினார். அதற்கு மேல் எங்கள் காட்டில் ராலி நடக்கவில்லை. வேறு ஊர்க் கிளப்புகள் எண்ணுகிற முறையைக் கேட்டு வந்தபோது, ஹெல்வி பொறுமையாக விளக்கினாள். கூப்பிட்ட விழா எதற்கும் போகவில்லை.

கௌகோவின் அம்மா ஹில்மா வசந்தம் தொடங்கும்போது அவளைப் பார்க்க வந்தாள். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஹெல்வியின் கதவுக்குப் புதிதாகக் கீல் போட்டுக்கொண்டிருந்தேன். போகலாமா என்று பார்த்தேன், ஹெல்வி இரு என்றாள்.

ஹில்மா கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"எல்லாரும் எங்கிட்ட நல்லபடியாப் பேசுறாங்க. அவன் ஒண்ணுமே தெரியாம போயிட்டான்னு சொல்றாங்க. நீ சொல்லு. அவன் கஷ்டப்பட்டானா?"

ஹெல்வி மேசைத் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வாரைக் கழட்டப் பாத்திருக்கான். விரல்ல அடிபட்டிருந்துச்சு. கொஞ்ச நேரம் கஷ்டப்பட்டிருப்பான் ஹில்மா. ரொம்ப நேரம் இல்ல. தண்ணி அவ்வளவு சில்லுனு இருந்துச்சு."

ஹில்மா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"இத்தன பேர்ல நீ ஒருத்தியாவது உள்ளதச் சொன்னியே" என்றாள்.

ஹெல்வி எழுந்து காபிக்குத் தண்ணீர் வைத்தாள். நான் கீலின் கடைசித் திருகை முடுக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். சத்தமில்லாமல் மூடியது. நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.