ஆற்றங்கரையில் ஒரு பெரட்டு

சென்ற செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாரா வாரம் பத்திரிகையில் இந்த இடத்தில் ஊர்க்கதை பேசிச் சிரிக்கிறவன் நான். பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவன், வாய் கொஞ்சம் நீளம்... இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த வாய் இந்த முறை செய்த காரியத்தைக் கேளுங்கள்.

கோப்பிச் செடிகளுக்கு நோய் வந்து தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன அல்லவா? லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, விட்டு அனுப்பப்பட்ட சனங்கள் பதுளைக்கு வந்து ஆற்றங்கரைத் திடலில் தங்கினார்கள். அப்புத்தளைப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம், பூனாகலைப் பக்கத்திலிருந்து இன்னொன்று... கோணிச் சாக்கும் மானாப்புல்லும் வைத்துக் கட்டிய குடிசைகள். இரண்டே மாசத்தில் டவுனுக்குப் பக்கத்தில் இன்னொரு டவுன்.

கடைத்தெருக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. காய்ச்சல் பரவும் என்றார்கள். பெட்டிஷன் போனது. அதில் என் கையெழுத்தும் உண்டு — மறைப்பானேன்?

திடலைக் காலி செய்ய உத்தரவு வந்தது. சனங்கள் அசைவதாக இல்லை. துணி எடுக்க வந்த அதிகாரி ஒருவர் என்னிடம் புலம்பினார். "கலகம் இல்லாம இவங்கள வெளியே கொண்டுவர வழி இல்லையா, மொதலாளி?"

"விடியக்காலையில பெரட்டுத் தப்பு அடிச்சுப் பாருங்க. தன்னால வருவாங்க" என்றேன்.

தோட்டத்தில் விடிவதற்கு முன் தப்பு மேளம் கேட்டால் பெரட்டுக்கு, அதாவது பேர் கொடுக்கும் இடத்துக்கு, ஓட வேண்டும். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. சனங்களைக் கூட்டி வைத்து நல்ல விதமாகப் பேசுவார்கள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

செவ்வாய்க்கிழமை தப்புச் சத்தம் கேட்டது. என் யோசனை பலிப்பதைப் பார்க்க நானும் போனேன். பெருமைதான், வேறென்ன?

வந்தார்கள். பெண்கள் மழைக்கும் குளிருக்கும் போர்த்தும் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு, ஆண்கள் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு... யாரும் சொல்லாமலே வரிசை வரிசையாக நின்றார்கள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மறுபடியும் வேலை வந்துவிட்டதாம்.

குடிசைகளில் ஆளில்லை என்று நினைத்து, அதிகாரியின் ஆட்கள் அந்தச் சனங்களின் முதுகுக்குப் பின்னால் தீ வைத்தார்கள்.

முன்வரிசையில் செல்லாயி என்ற பெண். கிழிந்த துணி கேட்டு என் கடைக்கு வருவாள். அவள் புருஷன் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் குடிசையில் கிடப்பது எனக்குத் தெரியும். அவள் புகையைத் திரும்பிப் பார்த்தாள். கால் மட்டும் நகரவில்லை.

"ஓடு புள்ள, உன் புருஷன் உள்ள கிடக்கிறான்" என்று கத்தினேன்.

"பேர் பதியலீங்களே... வரிசைய விட்டுப் போனா பேர வெட்டிருவாங்க."

தீயைவிட அந்தப் பதில்தான் என்னை உலுக்கியது. எத்தனை வருஷம் பழக்கினால் ஒரு மனுஷி இப்படி ஆவாள்? அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் ஒரு போலீஸ்காரர் அவனைச் சாக்கோடு வெளியே இழுத்துப் போட்டிருந்தார். உயிர் இருந்தது. இரண்டு காலும் வெந்திருந்தன.

மத்தியானத்துக்குள் திடலில் சாம்பல்தான் மிச்சம். சனங்களை ரோட்டில் ஏற்றி, பண்டாரவளைப் பக்கம் நடக்கச் சொன்னார்கள். செல்லாயி தன் புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப போயி நின்னா பேர் பதிவாங்களா, மொதலாளி?"

"வேலையே கிடையாது புள்ள."

அவள் நம்பவில்லை. "வேலை இல்லாம யாராச்சும் பெரட்டுத் தப்பு அடிப்பாங்களா?"

அடிக்கச் சொன்னவனிடமே கேட்கிறாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.